திட்டினாலும் மேற்கோள்தான்

எமில்டாவின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து மருத்துவக் கல்லூரி வாசலில் கட்டியிருந்தார்கள். கன்னத்துச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே இருந்த கருமை, மோவாயில் இருந்த மச்சம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்திருந்ததால் படத்தில் இருந்தவள் எமில்டாவின் தங்கை மகளைப் போல இருந்தாள். கீழே தங்க நிற எழுத்தில், "இவ்வாண்டு மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்" என்று போட்டிருந்தது.

பாட்டு அலறும் சிற்றுந்திலிருந்து இறங்கிய எமில்டா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். வாசலுக்கு எதிரே, குச்சியில் கறி சுட்டு விற்கும் சாத்தே வண்டி போட்டிருக்கும் அஜோ ரம்லி விசிறியைக் கீழே வைத்தான். பாடாங் நகரத்தில் ஒருவரைக் கேலி செய்யக் கிடைத்த வாய்ப்பைக் கைவிடுவது பாவம் என்று நினைப்பவர்களில் அவன் முதல் வரிசை.

"என்ன உனி, தேர்தல்ல நிக்கிறீங்களா?"

அந்த ஊரில் அக்காவை உனி என்பார்கள். கல்லூரியில் பாதிப் பேருக்கு எமில்டா உனிதான்.

"அதெல்லாம் இல்ல அஜோ. நான் எழுதின கட்டுரைக்காக வெச்சிருக்காங்க."

"அப்படி என்ன நல்ல கட்டுரை?"

"நல்ல கட்டுரை இல்ல. தப்பான கட்டுரை."

"தப்பு பண்ணதுக்கு பேனரா? அப்ப தேர்தலேதான்" என்று சொல்லிவிட்டு அஜோ மறுபடி கரியை விசிறத் தொடங்கினான்.

எமில்டா குழந்தை மருத்துவர். பாயகும்பு ஊருக்கு மேலே மலைச்சரிவில் பிறந்தவள். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் கத்தக்காம்பு அங்கேதான் விளைகிறது. அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இலையை வேகவைத்துப் பிழியும் கொட்டகை இருந்தது. வயிற்றுப்போக்கு என்றாலும் வாய்ப்புண் என்றாலும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும்கூட, அவளுடைய அம்மா ஒரு துண்டு கத்தக்காம்பை வெந்நீரில் கரைத்துக் குடிக்க வைப்பாள். அந்தத் துவர்ப்பு நாக்கிலிருந்து போக அரை நாள் ஆகும். டாக்டருக்குப் படித்து முடித்த பிறகும் எமில்டாவுக்கு மனதில் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது: அம்மா சொன்னது சரி என்று ஒரு நாள் நிரூபித்துவிட வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நிரூபித்தும் விட்டாள். இரண்டு சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டாள். எல்லாக் குழந்தைகளுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் உண்டு. அதோடு ஒரு நிலையத்தில் கத்தக்காம்புச் சாறும் கொடுக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு எவ்வளவு நேரத்தில் நின்றது என்று செவிலியர்கள் குறித்துக்கொண்டார்கள். முடிவு வந்தபோது எமில்டாவுக்கே மூச்சு நின்றது. கத்தக்காம்பு குடித்த குழந்தைகளுக்கு நான்கு மணி நேரத்துக்குள் நின்றிருக்கிறது. மற்றவர்களுக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

கட்டுரையில் எமில்டாவோடு இன்னும் மூன்று பேர் பெயர் இருந்தது. அதில் ஒருவன் யுல்ஃபித்ரா. எலும்பு மருத்துவன். குழந்தைகளின் வயிற்றுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பதவி உயர்வுக்குக் கட்டுரை குறைகிறது என்று வந்து நின்றான், பாவம் என்று சேர்த்துக்கொண்டாள். வெளிநாட்டு இதழ் ஒன்று இரண்டே வாரத்தில் ஏற்றுக்கொண்டது. பரிசீலனை செய்த நிபுணர்கள் ஒரே ஒரு குறைதான் கண்டுபிடித்திருந்தார்கள்: ஆங்கிலத்தைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும்.

ஆங்கிலத்தைச் சரிசெய்தாள். கட்டுரை வந்தது. கல்லூரியில் அவளுக்கு மாலை போட்டார்கள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் எமில்டா பலாக்காய்க் குழம்பை ஒரு கை பார்த்தாள். மறுநாள் குழம்பு அவளை ஒரு கை பார்த்தது. அதற்கென்ன, உலகமே ஒப்புக்கொண்ட மருந்து வீட்டில் இருக்கிறதே என்று கத்தக்காம்பைக் கரைத்துக் குடித்தாள். கழிப்பறைக்குப் போனாள். வந்தாள். மறுபடி போனாள். அவள் கணவன் புஸ்தாமி சந்தையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், நிதானமான ஆள். சாயங்காலம் கடையிலிருந்து வந்து கழிப்பறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"எம், நாலு மணி நேரம் தாண்டிருச்சு."

"தெரியுது உடா" என்றாள் எமில்டா. கணவனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இல்ல, உன் கட்டுரைப்படி நீ இந்நேரம் வெளிய வந்திருக்கணும். அதான் கேட்டேன்."

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?"

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் மத்தியானம் தானாகவே நின்றது. நின்ற நிம்மதியில் கழிப்பறையிலேயே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது எமில்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று. அந்தக் கத்தக்காம்புக் குழந்தைகளுக்கு எதிரே எல்லாம் மூன்று, மூன்று, நாலு, மூன்று என்றுதானே எழுதியிருந்தது. மூன்று என்றால் மூன்று என்ன?

புடவையைப் போல இழுத்துக் கட்டிய லுங்கியோடு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பிறகு இரண்டு நிலையத்துக்கும் போன் போட்டாள். ஒரு நிலையத்துச் செவிலியர்கள் மணிக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். கத்தக்காம்பு கொடுத்த நிலையத்தில் நாள்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளைத்தான் எமில்டா மூன்று மணி நேரம் என்று உலகத்துக்கு அறிவித்திருந்தாள். கூட இருந்த மூன்று பேரும் கவனிக்கவில்லை. நிபுணர்களும் கவனிக்கவில்லை. உலகத்திலேயே கவனித்தது அவளுடைய குடல் ஒன்றுதான்.

அன்றைக்கே இதழுக்கு எழுதினாள். கட்டுரை தவறு, நீக்கிவிடுங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. மாண்புமிகு டாக்டர் எமில்டா எங்கள் இதழின் மீது காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, தங்களை ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்வதில் பெருமைப்படுகிறோம் என்று இருந்தது. மறுபடி எழுதினாள். பாலியில் நடக்கும் மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் கடுமையாகவே எழுதினாள். பிறந்தநாள் வாழ்த்து வந்தது.

இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று, நல்ல பெயர் உள்ள இன்னொரு இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதி அனுப்பினாள். என்னுடைய கட்டுரை தவறு, நாளையும் மணியையும் குழப்பிவிட்டேன், யாரும் நம்ப வேண்டாம், எப்படித் தவறு நடந்தது என்பதை எல்லாருக்கும் தெரியச் சொல்கிறேன். அதை உடனே போட்டார்கள்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. உலகமெங்கும் புள்ளியியல் வாத்தியார்கள் வகுப்பில் சொல்ல ஒரு நல்ல தப்புக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள் போல. எமில்டாவின் கட்டுரை அவர்களுக்கு விருந்தாகிவிட்டது. அளவு அலகைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? எமில்டாவும் மற்றவர்களும் எழுதிய கட்டுரையைப் பார்க்க. பரிசீலனை செய்கிறவர்கள் தூங்கினால் என்ன ஆகும்? எமில்டாவும் மற்றவர்களும். அவள் பெயர் ஒரு நோயின் பெயரைப் போலப் பரவியது. ஒவ்வொரு முறை யாராவது அந்தக் கட்டுரையைச் சுட்டிக்காட்டித் தலையிலடித்துக்கொள்ளும்போதும், எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் அதை ஒரு மேற்கோள் என்று எண்ணிக்கொண்டது. முதல் மேற்கோள் அவளே எழுதிய மறுப்புக் கடிதம்தான்.

கல்லூரியின் டீன் நஸ்ருன் அறுவைச் சிகிச்சை மருத்துவன், எமில்டாவுக்கு இரண்டு வகுப்பு ஜூனியர். கெட்டவன் இல்லை. கத்தி பிடித்தால் கை நடுங்காது. ஆனால் கல்லூரி அங்கீகாரம் என்ற வார்த்தையைக் கேட்டால் உடம்பே நடுங்கும். அவன் டீனாக வந்ததும் கட்டுரைகளுக்குப் புள்ளி போடும் முறையைக் கொண்டு வந்தான். இதழ் முதல் தரமா, இரண்டாம் தரமா, அதற்கு ஒரு புள்ளி. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், அதற்கு ஒரு புள்ளி. கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு மட்டும் புள்ளி கிடையாது.

அந்த முறை வந்ததிலிருந்து கல்லூரியில் அன்பு பெருகியது. கண் மருத்துவர் எழுதினால் மகப்பேறு மருத்துவர் பெயர் அதில் இருக்கும். தோல் நோய்க் கட்டுரையில் பல் டாக்டரை மேற்கோள் காட்டியிருப்பார்கள். கேன்டீனில் முட்டைத் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடறேன்" என்று பேசிக்கொள்வார்கள். யுல்ஃபித்ரா ஒருவனே ஒரு வருடத்தில் நாற்பது கட்டுரைக்கு மேல் எழுதினான். எழுதினான் என்பதைவிட, நாற்பது கட்டுரையில் இருந்தான் என்பதே சரி.

எமில்டா பேனரைப் பார்த்த கையோடு டீன் அறைக்குள் நுழைந்தாள்.

"நஸ்ருன், அந்த பேனரை இறக்கு."

"ஏன் உனி, போட்டோ நல்லா வரலையா?"

"போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு. நான்தான் அதுல வரல. அந்தக் கட்டுரை தப்புன்னு உனக்குத் தெரியும்தானே? வருஷா வருஷம் வந்து சொல்றேனே."

"சொல்றீங்க. அது உங்க பெருந்தன்மை."

"பெருந்தன்மையாவது மண்ணாவது! அதைப் பத்தி எழுதினவன் எல்லாம் என்னைத் திட்டித்தாண்டா எழுதியிருக்கான்."

"சரி உனி. மேற்கோள் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"திட்டினா ஒண்ணு கழிச்சுக்குதா அந்தக் கம்ப்யூட்டர்?"

"கழிக்கல."

"அதுவே கழிக்காதப்ப நாம ஏன் உனி கழிக்கணும்?"

நஸ்ருன் எழுந்து வந்து கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அடுத்த வாரம் அங்கீகாரக் குழு வருது, அவங்க முன்னாடிதான் உங்களுக்குச் சான்றிதழ் குடுக்கற விழா. இந்தத் தடவை தரம் இறங்குச்சுன்னா நம்ம பசங்கள எந்த ஆஸ்பத்திரியும் உள்ள விடாது. போன வருஷம் ஒரு பொண்ணு என் முன்னாடி உக்காந்து அழுதா, விண்ணப்பத்தையே வாங்க மாட்டேங்கிறாங்கன்னு. எனக்குக் காட்டுறதுக்கு உங்க எண்ணிக்கையை விட்டா வேற ஒண்ணும் இல்ல. குழு போற வரைக்கும் சரியா இருங்க உனி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் தப்பா இருந்துக்குங்க."

அழுத பெண்ணை எமில்டாவுக்கும் தெரியும். அவளுடைய மாணவிதான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் வாசலில் நடக்க இடமில்லை. ஆளைவிட உயரமான பூப்பலகைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். "டாக்டர் எமில்டாவின் உலகப் புகழுக்கு வாழ்த்துகள்" என்று காகிதப் பூவால் எழுதியிருந்தது. எலும்புத் துறை ஒன்று, மயக்க மருந்துத் துறை ஒன்று, பக்கத்துத் தெரு மகளிர் குழு ஒன்று. புஸ்தாமி நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு வரல எம். அன்னிக்கு நாம தப்பு எதுவும் பண்ணல போல."

"அதைத்தான் நானும் முப்பது வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எமில்டா உள்ளே போனாள்.

சும்மா இருந்துவிடலாம் என்றே அவள் முடிவு செய்திருந்தாள். மேடையில் ஏறி, சான்றிதழை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி இறங்கிவிட்டால் முடிந்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

விழாவுக்கு முந்தின நாள் காலை, மழையில் நனைந்தபடி ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. எமில்டாவே நரம்பைத் தேடி ஊசி ஏற்றினாள். மூன்றாவது முயற்சியில்தான் கிடைத்தது.

"எத்தன நாளா போகுதும்மா?"

"முந்தா நேத்துலேருந்து டாக்டர்."

"அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். கத்தக்காம்பு சிரப். "நாலு மணி நேரத்துல நின்னுடும்னு இதுல போட்டிருந்துச்சு. நிக்கல. சரி, அளவு குறைச்சலாக் குடுத்துட்டோமோன்னு மறுபடி குடுத்தேன். இப்படியே மறுபடி மறுபடி குடுத்து, நாலு நாலு மணி நேரமாப் பாத்துட்டிருந்தேன்."

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் "அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று போட்டு அடியில் எமில்டாவின் பெயரும் இருந்தது. அந்தப் பெண் அதைப் படிக்கவில்லை. எமில்டா பாட்டிலை அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டாள். உடம்பில் நீர் ஏறி, குழந்தை சிறுநீர் கழிக்கும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அது கழித்தபோது, அங்கேயிருந்த செவிலி, "டாக்டர், உங்க செருப்பு மேல" என்றாள். எமில்டா குனிந்து பார்த்துவிட்டு, "போகட்டும், போகட்டும்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

விழா மண்டபத்தில் முன்வரிசையில் அங்கீகாரக் குழு உட்கார்ந்திருந்தது. தலைவி ஜாவாவிலிருந்து வந்த பேராசிரியர் குசுமாவதி. வெள்ளை முடியைக் கொண்டை போட்ட அம்மாள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும், அவ்வளவு மென்மை. நஸ்ருன் ஒலிபெருக்கியில் எமில்டாவின் மேற்கோள் எண்ணிக்கையை, ஏலம் விடுகிறவனைப் போல ஏற்றி இறக்கிச் சொன்னான். கைதட்டல் ஓயவில்லை. யுல்ஃபித்ரா எழுந்து நின்று தட்டினான். அவன் பெயரும் அதில் இருக்கிறதல்லவா.

எமில்டா சான்றிதழை வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் வந்தாள்.

"குழு போற வரைக்கும் என்னைச் சரியா இருக்கச் சொல்லியிருக்காரு டீன். அதனால நானா எதுவும் சொல்லப் போறதில்ல. என்னை மேற்கோள் காட்டினவங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் படிச்சுக் காட்டறேன். அதுக்குத்தானே இந்தச் சான்றிதழ்?"

நஸ்ருனின் முகம் மாறியது. எமில்டா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துப் படித்தாள்.

"ஜெர்மனியில ஒருத்தர் எழுதியிருக்காரு: 'இந்த ஆய்வாளர்களுக்கு யாராவது ஒரு கடிகாரமும் ஒரு நாள்காட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.' இது ஒரு மேற்கோள். பிரேசில்ல ஒரு அம்மா: 'வகுப்பில் மாணவர்கள் தூங்கும்போது இந்தக் கட்டுரையைக் காட்டுகிறேன், சிரிப்புச் சத்தத்தில் பக்கத்து வகுப்பும் விழித்துவிடுகிறது.' இது ஒண்ணு. கென்யாவுல ஒருத்தரு ரொம்ப மரியாதையா எழுதியிருக்காரு: 'நான்கு ஆசிரியர்கள் இருந்தும் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.' யுல்ஃபித்ரா, உக்காருப்பா. அது உன்னையும் சேர்த்துத்தான்."

மண்டபம் முதலில் அடக்கிப் பார்த்தது. பிறகு மாணவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அதற்கப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. மயக்க மருந்துத் துறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எமில்டா இன்னும் ஐந்தாறு படித்தாள். ஒவ்வொன்றையும் சமையல் குறிப்பு வாசிப்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். பிறகு அங்கியின் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேடை மேசையில் வைத்தாள்.

"இதுலயும் என்னை மேற்கோள் காட்டியிருக்காங்க. இவங்க ஒருத்தர்தான் பாராட்டியிருக்காங்க. நேத்து ஒரு குழந்தை இதைக் குடிச்சிட்டு, நாலு மணி நேரம், நாலு மணி நேரம்னு காத்திருந்து, கண்ணு செருகி வந்துச்சு. பொழச்சிருச்சு. இதையும் எண்ணிக்கையில சேத்துக்குங்க நஸ்ருன்."

சிரிப்பு நின்றது. அவள் இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சான்றிதழை மடித்து விசிறிக்கொண்டாள், மண்டபத்தில் அவ்வளவு புழுக்கம்.

குசுமாவதி அம்மாள் மெதுவாகத் திரும்பி நஸ்ருனைப் பார்த்தாள். "டீன் அவர்களே, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கட்டுரையை நீங்க படிச்சிருக்கீங்களா?"

நஸ்ருனும் அந்த ஊர்க்காரன்தானே.

"எண்ணிக்கையைப் படிச்சிருக்கேன் புரொபசர்."

அம்மாளின் தோள் குலுங்கியது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜாவாக்காரர்கள் சிரிப்பது அப்படித்தான், சத்தம் வராது. "நானும் அப்படித்தான். இருபது வருஷமா நாடு பூரா போய் எண்ணிக்கையைத்தான் படிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

கல்லூரிக்கு என்ன ஆகுமோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. உயர்தரம். மேற்கோள் எண்ணிக்கைக்கு முழுப் புள்ளி. அதோடு, "தன் தவறைத் தானே வெளிப்படையாகப் பேசும் பண்பாடு" என்று ஒரு தலைப்பு. அதற்கும் முழுப் புள்ளி. நஸ்ருன் அன்றைக்கே புது பேனர் கட்டினான். இந்தத் தடவை அவன் முகம். "வெளிப்படைத் தன்மையில் முன்னோடி" என்று போட்டிருந்தது.

அஜோ ரம்லி எமில்டாவைக் கூப்பிட்டு, "உனி, சீட்டை அவருக்குக் குடுத்துட்டாங்களே" என்று வருத்தப்பட்டான்.

மாணவன் ஒருவன் எமில்டாவின் பேச்சைப் படமெடுத்து வெளியிட்டிருந்தான். அது ஊர் ஊராகப் போனது. ஏழு வருடம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய இதழ் ஒரே வாரத்தில் கட்டுரையை நீக்கியது. அவள் சேரவே சேராத ஆசிரியர் குழுவிலிருந்தும் அவளை நீக்கியது. சிரப் விற்றவர்கள் பாட்டிலில் "நான்கு மணி நேரத்தில்" என்பதை அழித்துவிட்டு "விரைவில்" என்று போட்டார்கள். எமில்டா சுகாதார அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மூன்று மாதத்தில் அந்த விரைவையும் கடையிலிருந்து இறக்க வைத்தாள்.

நஸ்ருன் அவளைக் கட்டுரைத் தர மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைவியாக்கினான். அந்தப் பதவி கொடுத்தால் வாய் அடங்கும் என்று அவன் நினைத்திருக்கலாம். எமில்டா முதல் கூட்டத்திலேயே புள்ளி அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு விதி போட்டாள். பதவி உயர்வு கேட்பவர் தன் கட்டுரைகளில் சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். குழுவில் இரண்டு பேர் அதை முழுசாகப் படிப்பார்கள். பிறகு அவர் வந்து, ஸ்லைடு எதுவும் இல்லாமல், வியாழக்கிழமை மத்தியானம் அவர்கள் முன்னால் உட்கார்ந்து, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள்.

"இவ்வளவுதான்."

முதலில் வந்தவன் யுல்ஃபித்ரா. பேராசிரியர் பதவி கேட்டிருந்தான். புதுச் சட்டை, அத்தர் வாசனை, கையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய காரமான மரவள்ளி வறுவல் ஒரு பை. எமில்டா வறுவலை வாங்கி வைத்துக்கொண்டாள், அதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

"சொல்லு யுல். உன் கட்டுரையில என்ன கண்டுபிடிச்சீங்க?"

"எந்தக் கட்டுரை உனி?"

"நீ குடுத்ததுதான்பா. இடுப்பு எலும்பு முறிஞ்ச வயசானவங்களைப் பத்தினது."

"ஆமா ஆமா. அது வந்து... ரொம்ப முக்கியமான விஷயம். வயசானவங்களுக்கு எலும்பு முறியுது."

"முறியுது."

"அதுக்கு ஆபரேஷன் பண்றோம்."

"பண்றீங்க. எப்ப பண்ணா நல்லதுன்னு எழுதியிருக்கு?"

யுல்ஃபித்ரா கூரையைப் பார்த்தான். "சீக்கிரம் பண்ணா நல்லது."

"உன் கட்டுரையில தாமதமா பண்ணா நல்லதுன்னு இருக்கே."

எமில்டா ஒரு வறுவலை எடுத்துக் கடித்தாள். யுல்ஃபித்ராவின் காது சிவந்தது. "உனி, நான் தினம் நாலு ஆபரேஷன் பண்றவன். இதெல்லாம் உக்காந்து படிக்க எனக்கு எங்க நேரம்?" என்று எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "உங்க ஒரு கட்டுரை தப்பாப் போச்சுன்னு ஊர்ல எல்லார் கட்டுரையையும் தப்பாக்கப் பாக்குறீங்க."

அது எமில்டாவைச் சுட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் சொன்னதில் ஏதாவது உண்மை இருக்கிறதா என்று புஸ்தாமியிடம் கேட்டாள்.

"நான் வண்டிக்கு பிரேக் விக்கிறவன். புடிக்குதான்னு மாட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். உங்க காலேஜ்ல அது வழக்கம் இல்லையா?" என்றான் அவன், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

யுல்ஃபித்ரா அந்த வருடமே பெக்கான்பாருவில் வேறொரு கல்லூரிக்குப் போனான். அங்கே அவனுடைய எண்ணிக்கையைப் பார்த்துப் பேராசிரியர் ஆக்கினார்கள். இங்கே, கல்லூரியில் வெளிவரும் கட்டுரைகள் பாதிக்குக் கீழே இறங்கின. தரவரிசையில் கல்லூரி சறுக்கியது. வியாழக்கிழமைக்கு "கழுத்தறுப்பு வியாழன்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு துறைத் தலைவர்கள் எமில்டாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். கேன்டீனில் அவள் வந்தால் பேச்சு மாறும். இன்னொரு பக்கம், சிலர் ஒருவர் கட்டுரையை மற்றவர் வாங்கிப் படித்துச் சண்டை போடவும் ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தோல் மருத்துவரும் பல் டாக்டரும் ஒரு அட்டவணைக்காகக் கைகலப்பு வரை போனார்கள். நஸ்ருன் ஓடி வந்து விலக்கிவிட்டு, "இதுக்கு மேற்கோளே பரவாயில்ல உனி" என்று மூச்சு வாங்கினான்.

இதற்கிடையில் எமில்டா கத்தக்காம்பு ஆய்வைப் புதிதாகச் செய்தாள். இந்த முறை சுவரில் கடிகாரம் மாட்டி, எல்லாரும் மணிக்கணக்கில் எழுதினார்கள். சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரே மாதிரிதான் நின்றது. அம்மா சொன்னது சரியில்லை. அம்மா காலமாகிப் பல வருடம் ஆகியும், முடிவைப் பார்த்தபோது எமில்டாவுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. பெரிய இதழ்கள் எல்லாம் சுவாரசியம் இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு சின்ன இதழில் வந்தது. அதை இன்றுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை. புஸ்தாமி மட்டும், "நான் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன், அது எண்ணிக்கையில வராதா?" என்று கேட்டான்.

போன நோன்பு மாதத்துக்கு முந்தின வாரம் எமில்டாவுக்கு ஒரு போன் வந்தது. பெக்கான்பாருவிலிருந்து யுல்ஃபித்ரா. மூன்று வருடம் கழித்து. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உனி, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் புரொபசர். சொல்லுங்க."

"கேலி பண்ணாதீங்க. உனி... நான் படிச்சேன்."

"எதை?"

"அந்த இடுப்பு எலும்புக் கட்டுரையை. இங்க ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணணும். எப்ப பண்றதுன்னு என் ஜூனியர் ஒருத்தன் என் கட்டுரையையே காட்டி, சார், தாமதமா பண்ணலாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேன்னான். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அதான் உக்காந்து முழுசாப் படிச்சேன்."

"படிச்சு?"

"அட்டவணையைக் கூட்டிப் பாத்தா நூத்திப் பதிமூணு சதவீதம் வருது உனி."

எமில்டா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் பக்கம் யுல்ஃபித்ராவும் சிரிக்கத் தொடங்கினான்.

"அந்த அம்மாவுக்கு எப்ப ஆபரேஷன் பண்ண?" என்று கேட்டாள், மூச்சு திரும்பியதும்.

"அன்னிக்கே பண்ணிட்டேன். இப்ப கோலைப் புடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. உனி, இந்தக் கட்டுரையை எப்படி நீக்குறது? உங்களுக்குத்தானே அனுபவம்."

"எந்த இதழ்?"

அவன் பெயரைச் சொன்னான். எமில்டா ஒரு பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல அவங்களுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொல்றேன், எழுதிக்கோ. பதில் வந்தா அப்படியே எனக்கு அனுப்பு. என்ன வாழ்த்து சொல்லியிருக்காங்கன்னு பாப்போம்."